ஓடுகிற வண்டியைப் பிரித்தவர்

"பாடியையும் சேஸிஸையும் தனித்தனியாப் பிரிக்கோணுமுங்க டீச்சரம்மா. எப்படிப் பிரிக்கிறது?"

வந்து நின்ற கையோடு மருதாசலம் கேட்டார்.

அம்சவேணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு பழைய காரின் கதவை மேசைமேல் படுக்கப் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓடுதுங்களாண்ணா?"

"ஓடுதுங்க."

"ஓடற வண்டிய எதுக்குப் பிரிக்கிறீங்க?"

இது என்னடா வம்பு என்று இருந்தது மருதாசலத்துக்கு.

"சேஸிஸ் பூரா துருவுங்க. பாடியத் தூக்கி அக்கட்டால வெச்சாத்தானே சுரண்டிப் பெயின்ட் அடிக்க முடியும்? பாடியும் அங்கங்க வெடிச்சுக் கெடக்குது. அத்தனையும் புதுசாட்டப் பண்ணிப் பூட்டோணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாக்க நல்லா இருக்கோணுமில்லீங்க?"

அம்சவேணி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார்.

"கடைசியா மாட்டினத மொதல்ல கழட்டுங்க. மொதல்ல மாட்டினது கடைசியா வரும். போயிட்டு வாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அது ரெண்டாவது கேள்விங்."

சிங்காநல்லூரைத் தாண்டி இருந்தது அந்தப் பட்டறை. அம்சவேணி ஐடிஐயில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டுப் பழைய கார்களோடு மல்லுக்கட்ட வந்துவிட்டார். ஊரில் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்த ஆட்கள் எங்காவது மாட்டிக்கொண்டு முழித்தால் நேரே அங்கேதான் போய் நிற்பார்கள். அந்தம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் வண்டியில் கை வைக்க மாட்டார், வீட்டுக்கு வந்து பார்க்கவும் மாட்டார். ஒரு தடவை வந்தால் ஒரு கேள்வி. பதில் கிடைத்தாலும் கிடைக்கும், வெறும் டீ கிடைத்தாலும் கிடைக்கும்.

மருதாசலம் அவரைவிட மூத்தவர். லேத் பட்டறை வைத்து ஓகோவென்று நடத்தி, போதும் என்று மூடியவர். இரும்பு அவர் சொன்னதைக் கேட்கும். அப்படிப்பட்ட ஆள் தன்னைவிடச் சின்னவளிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்றால் சும்மாவா?

அவருடைய அவசரம் அப்படி.

*

வண்டியின் கதை இது.

ஊட்டி மலையில் ஒரு எஸ்டேட்காரரின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் பள்ளத்தில் உருண்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. காரில்தான் அடிச்சட்டமான சேஸிஸைத் தவிர மிச்சம் இல்லை. அந்தச் சேஸிஸை லாரியில் போட்டுக்கொண்டு வந்தார் மருதாசலம். அப்போது அவர் இளவட்டம். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், அந்தச் சேஸிஸ்மேல் ஃபைபரில் ஒரு பாடி உருவானது. ரெண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. மிளகாய்ப் பழச் சிவப்பு.

யார் செய்தது என்று கேட்டால், "நான்தான்" என்பார். டாஷ்போர்டில் ஒரு பித்தளைத் தகடுகூட வைத்திருந்தார். 'மருதாசலம் செய்தது.'

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார். எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிப் பிள்ளையார் கோயில் வரை ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து மூடிவிடுவார். ஒரு வருஷம்கூட அது ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணியதில்லை.

இந்த வருஷம் ஒரு கல்யாணத்தில், பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போனவரை ஒரு பெண் வழிமறித்தாள்.

"மாமா, நான் மெர்சி. சுலோச்சனா பொண்ணு."

திறந்த குழாயை மூட மறந்து நின்றார் மருதாசலம்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலீங்க மாமா. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. உங்களப் பாத்தா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அந்தச் செவப்பு வண்டி இன்னும் இருக்குதான்னு."

"இருக்குது கண்ணு."

"அம்மாட்டச் சொல்றேனுங்க" என்று அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சுலோச்சனா அவருக்கு ஒரே தங்கச்சி. பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்க வந்த தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு அவள் போன அன்றைக்கு, அப்பா வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். மோட்டாரைப் போட்டுவிட்டு, ஒவ்வொருத்தராகத் தலை முழுகச் சொன்னார். செத்தவர்களுக்குச் செய்கிற முழுக்கு. மகள் உயிரோடு போத்தனூரில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்க, இவர்கள் இங்கே ஈரத் துணியோடு நின்றார்கள். மருதாசலமும்தான் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மீசை முளைத்த ஆண்பிள்ளை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்போதாவது போயிருக்கலாம். போத்தனூர் என்ன சீமையிலா இருக்கிறது? ஒரே பஸ். இந்த மனுஷன் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதே பெரிய வெட்கமாகிப் போனது, அந்த வெட்கத்தில் இன்னும் தள்ளிப்போட்டார்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பியவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டியைப் புத்தம்புதுசாக ஆக்க வேண்டும். அதில் போய் அவள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரனை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டு அவள் வெளியே வருவாள், வண்டியைப் பார்ப்பாள். அதற்கு மேல் இவர் எதுவும் பேச வேண்டியதில்லை. மன்னிப்பு என்ற சொல்லே நாக்கில் புரளாத ஆளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா?

மறுநாளே கொட்டகையைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.

டீச்சரம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவரிடம் என்ன, யாரிடமும் சொல்லவில்லை.

*

சீட் இரண்டும் வெளியே வந்தன. ஸ்டீயரிங் வந்தது. வயரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேர்ச்சீட்டு கட்டிச் சுருட்டி வைத்தார். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கம்பி. கொட்டகை நிறைய உதிரி. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது மறுபடி வண்டி ஆகுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாடியைத் தூக்குவதற்கு முன் மருதாசலம் மறுபடி பட்டறைக்குப் போனார்.

"டீச்சரம்மா, போல்ட்டக் கழட்டிட்டு அப்படியே தூக்கிறலாமுங்களா?"

அம்சவேணி மேசைமேல் கிடந்த தீப்பெட்டியை எடுத்தார். உள்டப்பாவை வெளியே உருவினார். வெறும் கூட்டை ரெண்டு விரலால் லேசாக அழுத்தினார். அது சப்பையாகப் படுத்தது.

மருதாசலத்துக்குச் சட்டென்று விளங்கியது. கூரை இல்லாத பாடி. சேஸிஸ்தான் அதற்கு முதுகெலும்பு. வெறுமனே தூக்கினால் கதவு இடுக்கில் மடிந்துபோகும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சேராது.

"கதவு வாய்க்குக் குறுக்கால பைப்புக் கொடுத்து முறுக்கீரோணும். அதுதானுங்களே?"

"அண்ணா வெவரம்தான்."

அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கிளம்பும்போது போன் அடித்தது. மெர்சி.

"மாமா, அம்மா கேக்கறாங்க. எப்பங்க வருவீங்கன்னு."

"வந்தர்றேன் கண்ணு. கொஞ்சம் வேல இருக்குது. முடிச்சுட்டு வண்டியோடயே வர்றேன்னு சொல்லு."

"வேல பெருசுங்களா மாமா?"

"இல்ல இல்ல. கொஞ்சம்தான்."

அம்சவேணி கேட்டும் கேட்காத மாதிரி உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

"யாருக்கோ அவசரமாட்ட இருக்குதுங்களே?"

"சொந்தக்காரப் புள்ளைங்க" என்றார் மருதாசலம். அதோடு நிறுத்திக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்து ஆண்பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டார். எல்லோருக்கும் இட்லி, கறிக்குழம்பு. தூக்கி முடித்ததும் சாப்பாடு என்று ஏற்பாடு. பேங்க்கில் வேலை பார்க்கிறவர், பால் சொசைட்டிக்காரர், எதிர்வீட்டு மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

"தம் கட்டுங்... தூக்குங்!"

முன்பக்கம் வந்தது. வலதுபக்கம் வந்தது. இடதுபக்கம் பின்மூலை மட்டும் வரவில்லை.

"இன்னொருக்கா!"

படக்கென்று ஒரு சத்தம். ஃபைபர் விரிசல் விட்ட சத்தம்.

"விடுங், விடுங்! கீழ விடுங்!" என்று அலறினார் மருதாசலம்.

எல்லோரும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு யோசனையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். மேலே ஏறினார். மறுபடி அடியில் போனார். அந்த மூலையில் போல்ட் என்று எதுவும் கண்ணில் படவில்லை.

அன்றைக்கு மத்தியானமே பட்டறையில் போய் நின்றார்.

"கழல மாட்டேங்குதுங்க டீச்சரம்மா. அத்தன போல்ட்டையும் எடுத்துட்டேன். எடது பின்மூல மட்டும் கவ்விப் புடிச்சுட்டு இருக்குது. அங்க ஒண்ணுமே இல்லீங்க. எதுங்க புடிக்குது?"

"அத்தனையும் எடுத்தீங்களா?"

"அத்தனையும்."

"மாட்டினது யாரு?"

"நாந்தானுங்க."

"அத்தனையும்?"

"அத்தனையும் நாந்தான்."

அம்சவேணி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, "அண்ணனுக்கு ஒரு டீ" என்றார்.

மருதாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. டீதான் என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தம்மா கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது மட்டும் ஒன்று சொன்னார்.

"நீங்க அப்படிச் சொல்றீங்க. வண்டி வேற மாதிரியில்ல சொல்லுது?"

*

கோபம் வந்துவிட்டது அவருக்கு. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கட்டிங் மெஷினை எடுத்தார். அந்த மூலையை வட்டமாக அறுத்து எடுத்துவிட்டால் பாடி தன்னால் கழன்று வந்துவிடும், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம். விரிசல் விட்ட இடத்தில் ஒரு சின்னத் துண்டை அறுத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். அறுத்ததும் கை நின்றுவிட்டது. ஒட்டுவது எப்படி? ஃபைபரை இறுக்குகிற ரெசின் பசையில் எதை எவ்வளவு கலப்பது? எத்தனை அடுக்குப் போடுவது? இரும்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இது அவருக்குத் தெரியாது.

போன் அடித்தது. மெர்சி. அவர் எடுக்கவில்லை.

துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"ஃபைபர வெட்டினா மறுபடி ஒட்டலாமுங்களா?"

"ஃபைபர்ல ஒரு முழு பாடியே செஞ்ச ஆளு எங்கிட்டக் கேக்கறீங்க?"

மருதாசலம் பையைத் தடவினார். துண்டை எடுத்து நீட்டினார்.

அம்சவேணி அதை வாங்கி அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழைய ரெசின் தேன் நிறத்தில் கண்ணாடியாகத் தெரிந்தது. அதற்குள் கறுப்பாக ஒன்று வளைந்து வளைந்து போனது.

"இங்க வாங்கண்ணா. இதென்னன்னு பாருங்க."

முடி. நீளமான ஒற்றை முடி. துண்டின் ஒரு ஓரத்தில் தொடங்கி, சுற்றிக்கொண்டு போய், அறுத்த விளிம்பில் நின்றிருந்தது. மிச்சம் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

"அந்தக் காலத்துல உங்களுக்கு இத்தா நீளம் ஜடை இருந்துச்சுங்களா?"

அந்தம்மா கேலியாகத்தான் கேட்டார். மருதாசலம் மேசையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"சுலோ" என்றார். "எந்தங்கச்சி."

பிறகு எல்லாம் வந்துவிட்டது. பாடி முழுக்க அவள் செய்தது. மண்ணைக் குழைத்து அச்சுப் பிடித்தவள் அவள். ஃபைபர் விரித்து ரெசின் பூசியவள் அவள். கையெல்லாம் அரித்துக் கொப்புளம் வந்தும் விடாமல் செய்தாள். இவர் எஞ்சினைப் பார்த்தார், போல்ட் முறுக்கினார், அவ்வளவுதான். முதல்முதலாக ஓட்டிப் பார்த்த அன்றைக்கு ரெண்டு பேரும் பொள்ளாச்சி ரோட்டில் போனார்கள். ஜடை அவிழ்ந்து அவர் முகத்தில் அடித்தது. "ரோடு தெரியல, முடியப் புடி புள்ள!" என்று கத்தினார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கிணற்றடிக் கதையையும் சொன்னார். மெர்சி வந்ததைச் சொன்னார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"அவ பேரயே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு எங்கப்பா. யார் செஞ்சதுன்னு ஊர்ல கேட்டாங்க. நாந்தான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிப்போச்சுங்க."

அம்சவேணி துண்டைத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை கேலி இல்லை.

"அந்த வண்டியில கடைசியா மாட்டினது என்னங்கண்ணா?"

மருதாசலம் யோசித்தார்.

"பேர்த் தகடுங்க. அவ போன பொறவு மாட்டினது."

"அதக் கழட்டினீங்களா?"

"அது பாடியோடயே வந்துருமுங்களே. அத எதுக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

துண்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார். "எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் அங்க போறதுங்க?"

"இன்னிக்குக் கேள்வி ஆயிப்போச்சு" என்றார் அம்சவேணி. தேய்க்கிற மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் பேச முடியவில்லை.

*

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தகட்டைக் கழற்றினார். சின்னச் சின்ன ரெண்டு ஸ்குரூ. கழற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் உதிரி டப்பாவில் போட்டார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போத்தனூருக்குப் போனார்.

மெர்சி கதவைத் திறந்தாள். முகத்தில் தூக்கமே இல்லை. "வாங்க மாமா" என்றாள். ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்கவில்லை.

தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் கிடந்தது சுலோச்சனாவா? முதலில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. உடம்பு கரைந்து எலும்பாக இருந்தது. தலையில் துணி கட்டியிருந்தது. துணிக்கு அடியில் முடி இல்லை.

கண் மட்டும் அதே கண். அது அவரைப் பார்த்ததும் விரிந்தது.

"வாண்ணா" என்றாள்.

வழியெல்லாம் என்னென்னவோ பேசச் சேர்த்து வைத்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் கை விட்டு அந்தத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அட, என்ற முடி!"

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மெர்சி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"பாடி கழல மாட்டேங்குது சுலோ" என்றார் மருதாசலம். அதுதான் முதலில் வந்தது. "எடது பின்மூல புடிச்சுட்டு இருக்குது. எல்லாப் பக்கமும் தேடிட்டேன்."

"என்ற சீட்டுக்குப் பின்னாடியா?"

"ஆமா."

"அங்க ஒரு போல்ட்டு இருக்குதுண்ணா. நான் போட்டது. என்ற பக்கம் கடகடன்னு ஆடுதுன்னு சொன்னேன், நீ காதுலயே வாங்கல. நீ மெட்ராஸ் போயிருந்தப்ப நானே சேஸிஸ்ல ஓட்டை போட்டு மரை வெட்டி முறுக்கினேன். தல தெரியாம மேல ஃபைபர் விரிச்சுத் தேச்சு உட்டுட்டேன்."

"எதுக்குப் புள்ள மூடுன?"

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"உனக்குத்தான் ஒரு வண்டியப் பிரிக்காம இருக்க முடியாதே. வருஷத்துக்கு ஒருக்கா எதையாச்சும் பிரிச்சுப் போட்டுருவே. இத மட்டும் என்னையக் கேக்காமப் பிரிக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு. அப்ப வெளையாட்டுக்குத்தான் பண்ணுனேன்."

"ம்."

"இங்க வந்த பொறவு அத நெனச்சுக்குவேன். இந்த வருஷம் பிரிப்பான், மாட்டிக்குவான், வந்துதானே கேக்கோணும்னு. தீபாவளி வந்தா நெனப்பேன். ஆயுத பூசை வந்தா நெனப்பேன். மெர்சி அப்பாகூடச் சிரிப்பாங்க. 'உங்கண்ணன் வேற வண்டி வாங்கியிருப்பான்'னு."

மருதாசலம் அழுதார். குனிந்துகொண்டு, தோள் குலுங்க, சத்தம் போட்டே அழுதார். அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை.

"நீ பிரிக்கவே இல்லையாண்ணா இத்தன வருஷமா?"

"மனசு வல்ல."

"இப்பப் பிரிச்சிருக்கற."

"உனக்காகத்தான். நீ கேட்டேன்னு மெர்சி சொன்னா. புதுசாட்டப் பண்ணி வாசல்ல கொண்டாந்து நிறுத்தோணும்னு..."

சுலோச்சனா ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள்காரர் போனார். எதிர்வீட்டில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"இருக்குதுன்னு இவ வந்து சொன்னதுலருந்து கட்டில இக்கட்டால திருப்பிப் போடச் சொல்லிட்டேன்" என்றாள். "சத்தம் கேட்டா எனக்குத் தெரிஞ்சுரும். மொத வாரம் நல்லா உக்காருவேன். சேலகூட மாத்திட்டு உக்காந்திருந்தேன். ஒரு சுத்துப் போகலாம்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். இப்ப உக்கார முடியறதில்ல."

மெர்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சுலோச்சனா மறுபடி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவருக்காக ஒரு சமாதானத்தை அவளே தேடி எடுத்துக் கொடுக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி ஓடாம நின்னு போயிருக்கும். அதான் பிரிச்சிருக்கற. இல்லையாண்ணா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள். அவர் வாயைத் திறந்தார். டீச்சரம்மாவின் பட்டறை ஞாபகம் வந்தது. முதல் நாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'ஓடற வண்டிய எதுக்குப் பிரிக்கிறீங்க?' என்று அந்தம்மா கேட்டது ஞாபகம் வந்தது.

"இல்ல அம்மிணி" என்றார். "ஓடுச்சு."